மூணாவது மாடி மஞ்சள் ஜன்னல்

இல்ல கண்ணு, பஸ்ஸுக்காக உக்காந்திருக்கல. உனக்காகத்தான். பஸ்ஸு மூணு வந்து மூணும் போயிடுச்சு. கடைசி பஸ்ஸு டிரைவர் எறங்கியே வந்துட்டான், பெரியவரே ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியேன்னு. என் காதலி வேலை முடிஞ்சு வர்ற நேரம், நடுவுல நிக்காதன்னு சொன்னேன். கண்ணடிச்சிட்டுப் போறான். எண்பத்திரண்டு வயசுக் கிழவன் சொன்னாலும் நம்பறான் பாரு. இந்த மோர்விக் ஊர்ல முகத்த மட்டும் சோகமா வச்சிக்கிட்டு யானை பறந்துச்சுன்னு சொல்லு, எந்தப் பக்கமா பறந்துச்சுன்னுதான் கேப்பாங்க.

என்னை ஞாபகம் இருக்கில்ல? ஹெட்லி புரூம். நேத்து சர்ச் ஹால் கண்காட்சில, டீ ஊத்துற எடத்துக்கு அடுத்த மேசை. ஆமா, அந்த லினோ அச்சுப்படக்காரன். இந்தா எதிர்ல நிக்குதே, நீங்கல்லாம் இப்ப ஃப்ளாட்டா குடியிருக்கிற இந்தப் பழைய ஆஸ்பத்திரிதான் படத்துல. செங்கல் கோபுரம், கடியாரம், கருநீல வானம், அறுவது எழுவது ஜன்னல் இருட்டா இருக்கும், ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் மஞ்சள் வெளிச்சம். நீ அதுக்கு முன்னால வந்து நின்னு, ஐயோ இது என் வீட்டு ஜன்னலாச்சேன்னு கத்தினே பாரு, பாதிரியார் கையில இருந்த கேக்கு தரையில விழுந்துடுச்சு. பரவால்ல, அது மூணாவது கேக்கு.

உக்காரு. அஞ்சு நிமிஷம். ரெண்டு மணிலேருந்து உக்காந்து பெஞ்ச சூடு பண்ணி வச்சிருக்கேன், வீணாக்காத.

நேத்து நீ கேட்டேல்ல, ஏன் அந்த ஒரு ஜன்னல்ல மட்டும் வெளிச்சம்னு? நான் என்ன சொன்னேன்? ஒரு நர்ஸ், காதல் கதை படிச்சிக்கிட்டே வெளக்க அணைக்காம தூங்கிட்டா, அந்த வெளிச்சத்தப் பாத்து ஆத்துல வழி தவறின படகுக்காரன் ஒருத்தன் கரை சேந்தான், அவளையே கட்டிக்கிட்டான், ஏழு பிள்ளைங்கன்னு சொன்னேன். பொய். ஏழு பிள்ளையும் பொய். பாதிரியாருக்கு வேற கதை சொல்லி வச்சிருக்கேன். பெரிய டாக்டரோட கிளி ஒண்ணு, இருட்டாச்சுன்னா கெட்ட வார்த்தை பேசும், அதோட வாய மூடத்தான் வெளக்குன்னு. இந்த ஃப்ளாட்டெல்லாம் விக்க வந்தானே கோட்டு போட்ட பையன், அவன் கேட்டப்ப மட்டும் பேய்னு சொல்லிட்டேன். ஆமா, அது நான்தான். உனக்கு முன்னால ரெண்டு பேரு பாத்துட்டு வேண்டாம்னு ஓடினாங்கல்ல? வெலை எறங்குச்சுல்ல? அப்ப நீ எனக்கு ஒரு நன்றி சொல்லணும். நன்றி எல்லாம் வேண்டாம், பதிலுக்கு ஒரு உதவி பண்ணு, அதுக்குத்தான் வந்தேன்.

நாளைக்கு மூணு மணிக்கு என் பொண்டாட்டி எனிட்டை டீக்குக் கூப்பிட்டிருக்கேல்ல? அத எப்படியாவது நிறுத்திடு.

தப்பா எடுத்துக்காத. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. வெள்ளத் தலையோட ஒரு பொம்பள கையப் பிடிச்சிக்கிட்டு, அந்த ரூம ஒரு தடவ உள்ள வந்து பாக்கலாமாம்மான்னு கேட்டா யாருதான் மாட்டேன்னு சொல்லுவாங்க? நான் கிட்ட இருந்திருந்தா அவ வாயத் தொறக்கறதுக்குள்ள பேச்ச மாத்தியிருப்பேன். அந்த நேரம் பாத்து வாசல்ல யாரோ ஒருத்தனுக்கு யானைக் கதை சொல்லிட்டிருந்தேன். திரும்பி வந்தா ரெண்டு பேரும் நேரமே குறிச்சாச்சு. வாயால கெட்டவன்னு எனக்குத்தான் பேரு.

ஏன்னா... அவளுக்கு முட்டி சரியில்ல. மூணு மாடி.

லிஃப்ட் இருக்கா? ஓ. எப்ப போட்டாங்க? சரி, லிஃப்ட்டுன்னா அவளுக்குப் பயம். இல்ல, பயமெல்லாம் இல்ல, போன மாசம் கூட கடையில லிஃப்ட்ல ஏறி எறங்கி ஏறி எறங்கி வெளையாடினா. வேற காரணம் யோசிச்சு வச்சிருந்தேன், மறந்துட்டேன். ஆங், உன் வீட்டுல தண்ணிக் குழாய் வெடிச்சிடுச்சுன்னு சொல்லிடேன்? ஃபோன்லயே சொல்லிடலாம். நீ பொய் சொல்ல வேண்டியதில்ல, நானே எழுதித் தர்றேன், நீ படிச்சாப் போதும்.

அப்படிப் பாக்காத.

சரி, இதப் பாரு. இந்தக் காகிதத்தப் பிரி. மெதுவா. ஆமா, அதே படம்தான். நேத்து வெலை கேட்டே, விக்கறதில்லன்னு எனிட் சொன்னாள்ல? உனக்கே உனக்கு, காசு வேண்டாம். பன்னெண்டு காகிதத்துல அச்சுப் போட ஆரம்பிச்சேன், நாலு வீணாப் போச்சு, மிச்சம் எட்டு. ஒண்ணு கனடா போச்சு, ஒண்ண ஆடு தின்னுடுச்சு, நிஜம், சத்தியமா இது நிஜம், என் மச்சான் வீட்டு ஆடு. மத்தது எங்கெங்கயோ போயிடுச்சு, கையில இருக்கிறது இது ஒண்ணுதான். இன்னொண்ணு போடவும் முடியாது. அச்சடிச்ச அந்தப் பலகையே இல்ல.

எனிட்டுக்குத் தெரியாமத்தான் எடுத்துட்டு வந்தேன். எங்க கட்டிலுக்கு மேல மாட்டியிருந்தது. கண்காட்சிக்குன்னு கழட்டினது, திரும்ப மாட்டல. சொவத்துல அந்த எடம் மட்டும் புதுசா இருக்கு. கேட்டா சட்டம் ஒடஞ்சிடுச்சுன்னு சொல்லிப்பேன்.

வேண்டாமா? ஏன்? அடுத்தவங்க கட்டிலுக்கு மேல இருந்தது வேண்டாமா. நீ நல்ல பொண்ணு. எனக்கு இன்னிக்குன்னு பாத்து நல்லவங்களா வந்து சேருதுங்க.

எனிட் உன்கிட்ட என்னதான் சொன்னா? அந்த ரூம் எங்களுக்கு வேண்டியதுன்னு. அவ்வளவுதானா? மிச்சம் சொல்லலியா? அவ சொல்ல மாட்டா. சொல்றதெல்லாம் என் வேலை அந்த வீட்டுல.

எங்க பொண்ணு ஹேஸல் அங்கதான் இருந்தா. பதினோரு நாள்.

அறுபத்தெட்டு, நவம்பர் அஞ்சு. ஊர் பூரா தீ மூட்டி வெடி வெடிக்கிற நாள். எனிட் அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா, இங்கேருந்து பதினாலு மைல். ரெண்டு மாசம் முன்னாடியே வலி வந்துடுச்சு. மறுநா விடிகாலைல பொறந்தா. ரெண்டு பவுண்டு பன்னெண்டு அவுன்ஸ். ஒரு சின்ன ரொட்டி அளவு. வெடிச் சத்தத்தக் கேட்டுட்டு நம்ம இல்லாம கொண்டாடறாங்களேன்னு அவசரப்பட்டு வந்துட்டான்னு நான் எனிட்கிட்ட சொன்னேன். அவ சிரிச்சா. அந்தக் காய்ச்சல்லயும் சிரிச்சா. அங்க இருந்தது குட்டி ஆஸ்பத்திரி. கொறைமாசக் கொழந்தைங்களுக்குக் கண்ணாடிப் பொட்டி இருந்தது இங்க மட்டும்தான். கொழந்தையத் துணியில சுத்தி ஆம்புலன்ஸ்ல இங்க கொண்டுவந்துட்டாங்க. எனிட் அங்கயே. நூத்தி நாலு டிகிரி. எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டாங்க. கொழந்தையத் தூக்கிட்டுப் போறப்ப தலை முடி மட்டும் தெரிஞ்சுதாம் அவளுக்கு. கறுப்பு முடி. அவ்வளவுதான் அவ பாத்தது.

நான் அப்ப வீடு வீடா லினோ போடறவன். தரை லினோ, ரப்பர் விரிப்பு மாதிரி சமையக்கட்டுல ஒட்டுவாங்களே. வெட்டி மிஞ்சின துண்டு பையில எப்பவும் கெடக்கும், சும்மா இருக்கிறப்ப அதுல உளியால படம் செதுக்குவேன். வேலை முடிஞ்சு சாயங்காலம் ஆறு மணிக்கு இங்க வருவேன். அப்புறம் ஏழு இருவது பஸ்ஸப் பிடிச்சு எனிட்கிட்ட. பதினோரு நாளும் அப்படித்தான்.

எதுக்குச் செதுக்கினேன்னா? கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு கண்ணு. அதுக்குத்தான். இந்த ஸ்டாப்லயேதான். பெஞ்சு வேற, எடம் இதேதான். நவம்பர் குளிர்ல லினோ கல்லு மாதிரி ஆயிடும், உளி எறங்காது, வழுக்கிக் கையத்தான் கிழிக்கும். அதனால ஸ்வெட்டருக்குள்ள வயித்தோட ஒட்டி வச்சிப்பேன், சூடேறினதும் வெளிய எடுத்துக் கொஞ்சம் வெட்டுவேன், திரும்ப உள்ள. பஸ்ஸுக்கு நின்ன ஒரு அம்மா, உள்ள நாய்க்குட்டியா தம்பின்னு கேட்டா. ஆமாம்மா, கடிக்கும்னு சொன்னேன். எட்டிப் போய் நின்னுக்கிட்டா.

ஒரே லினோப் பலகைதான் இதுக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப்பலகை வெட்டறவங்களும் உண்டு, எனக்கு அவ்வளவு துண்டு ஏது? ஒத்தப் பலகைல எப்படின்னா, மொதல்ல வெள்ளையா நிக்க வேண்டியத வெட்டி எடுத்துடணும். கடியாரத்து முகம் மட்டும் வெள்ளை. எடுத்துட்டு மிச்சம் பூரா மஞ்சள் மை தடவி, காகிதத்த வச்சு, பின்னால மரக்கரண்டியால தேய்க்கணும். எனிட்டோட கொழம்புக் கரண்டி அது, பிற்பாடு அவ என்னைத் திட்டினது தனிக்கதை. பன்னெண்டு காகிதத்துலயும் மஞ்சள். காய ரெண்டு நாள். அப்புறம் எது மஞ்சளாவே நிக்கணுமோ அத வெட்டி எறியணும். பலகைல அந்த எடம் பள்ளமாயிடும், இனி அங்க எந்த மையும் ஒட்டாது. அப்புறம் செங்கல் நிறம், காயணும், திரும்ப வெட்டணும். அப்புறம் சாம்பல். கடைசியா கருநீலம். ஒவ்வொரு நிறம் போடறப்பவும் பலகை கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வரும். திரும்பிப் போக வழி கெடையாது. எது வெளிச்சமா இருக்கணும்னு முதல் நாளே முடிவு பண்ணிடணும், இருட்டு கடைசிலதான் வரும்.

முதல் நாளு வாசல்காரன் கையக் காட்டினான், அந்தா, மூணாவது மாடி, ஓரத்து ஜன்னல், கண்ணாடிப் பொட்டி அங்கதான், இப்ப உன் பொடிசு ஒண்ணுதான்னு. வெளிச்சம் இருந்துச்சு. அதனால மஞ்சள்ல அந்த ஒரு ஜன்னல வெட்டிக் காப்பாத்தி வச்சேன். அப்ப வேற ஜன்னல்லயும் வெளக்கு எரிஞ்சுது, எரியாம என்ன? எனக்கு அதெல்லாம் கண்ணுல படல.

சனிக்கிழமை காலைல சாம்பல் மை காஞ்சிருந்துச்சு. சாயங்காலம் இங்க வந்தேன். அந்த ஜன்னல் இருட்டா இருந்துச்சு.

இல்ல, குடை வேண்டாம். தூறல்தான்.

அதுக்கப்புறம் கருநீலம் போட்டேன். ஏன் போட்டேன்னு கேக்காத, பாதில நிறுத்தத் தெரியல. மத்த எல்லா ஜன்னலும் கருநீலத்துல மூடிடுச்சு, வானம் மூடிடுச்சு. இது மட்டும் எரியுது. அணைச்சிடலாம்னு பாத்தேன். அந்த எடத்துல லினோவே இல்லியே, வெட்டித் தூக்கிப் போட்டாச்சே, பள்ளத்துல எதை வச்சு அணைக்கிறது? பிரஷ்ல ஒரு பொட்டு வச்சாப் போதும்னு சொல்லுவே. பிரஷ்ஷையும் எடுத்தேன். எட்டுக் காகிதத்தையும் தரையில பரப்பி வச்சிக்கிட்டு பிரஷ்ஷோட உக்காந்திருந்தேன். மை பிரஷ்லயே காஞ்சு போச்சு.

எனிட் வீட்டுக்கு வந்து படத்தப் பாத்தா. வெளக்க எரிய விட்டுட்டியான்னா. ஆமான்னேன். நல்லதுன்னா.

அவளுக்கு நான் சொல்லுவேன்ல, தெனம் சாயங்காலம், அந்தக் குட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்ததும். படுத்தபடியே கேப்பா, இன்னிக்கு என்ன பண்ணினான்னு. நான் ஒண்ணொண்ணா சொல்லுவேன். வார்டு சிஸ்டர் ஒரு மீசைக்காரி, வெளிய புலி, ஆனா கொழந்தைய என் கையில குடுக்கறப்ப மட்டும் பூனையாயிடுவான்னு. சொவத்துல வாத்துக்குஞ்சு வரிசை வரைஞ்சிருக்காங்கன்னு. ஆடுற நாக்காலி ஒண்ணு, உக்காந்தா கீச்சு கீச்சுன்னும், அந்தச் சத்தம் நின்னா ஹேஸல் முழிச்சிப்பான்னு. என் சுண்டுவிரலப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டா, பஸ்ஸு போயிடும்டி விடுடின்னு கெஞ்சணும்னு. மூக்கு அச்சு அசல் எனிட், காது மட்டும் பாவம் என் காதுன்னு. அவளத் தூக்கி ஜன்னல்கிட்ட நிறுத்தி, அந்தா பாரு பஸ்ஸு, அதுலதான் அம்மாகிட்ட போறேன்னு காட்டுவேன், பஸ்ஸு வெளக்கப் பாத்து கண்ணச் சிமிட்டுவான்னு. கடைசில சனிக்கிழமை... சனிக்கிழமை அவ என் மடியிலதான் இருந்தா, நாக்காலி ஆடிக்கிட்டே இருந்துச்சு, எப்ப போனான்னே தெரியல, தூங்கற மாதிரியே போயிட்டான்னு.

இதுலதான் எனிட் பொழச்சா. டாக்டரே சொன்னான், இவ பொழச்சது மருந்துல இல்லன்னு.

அதுக்கப்புறம் எங்களுக்குக் கொழந்தை இல்ல. வருஷா வருஷம் நவம்பர் அஞ்சு ஊரு பூரா வெடிக்கும், நாங்க ரெண்டு பேரும் இஞ்சிக் கேக்கு வெட்டி வச்சிக்கிட்டு அந்தப் பதினோரு நாளையும் ஒரு தடவ ஓட்டிப் பாப்போம். எனக்கே மறந்திருக்கும், அவளுக்கு மறக்காது. வியாழக்கிழமை ரெண்டு தடவ கொட்டாவி விட்டா ஹெட்லி, ஒரு தடவ இல்ல. வாத்துக்குஞ்சு ஏழு, ஆறு இல்ல, ஒண்ணு மட்டும் திரும்பிப் பாக்கும்னு சொன்னியே. இப்படித் திருத்துவா. நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆமா ஆமான்னு கேட்டுக்குவேன். அம்பத்தஞ்சு வருஷம்.

இன்னிக்குக் காலைலேருந்து நீலக் கவுன இஸ்திரி போடறா. போட்டதையே போடறா. கேக்கு ரெண்டு பண்ணிட்டா, உனக்குத் தனியா ஒண்ணு. ஹெட்லி, நீ வெளியில நின்னே அந்த ஜன்னலக் காட்டுவே, நாளைக்கு நான் உள்ளேருந்து பஸ்ஸப் பாக்கப் போறேன், நீ வேணா கீழ நின்னு கையக் காட்டுங்கறா.

இப்ப சொல்லு. அந்த ரூம் எப்படி இருக்கு? வாத்துக்குஞ்சு இருக்காதுதான், அது போகட்டும், அம்பது வருஷத்துல எத்தனை தடவ வெள்ளையடிச்சிருப்பாங்க. நாக்காலிய எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான். அதெல்லாம் நான் சமாளிச்சிக்குவேன். ஜன்னலத்தான் கேக்கறேன். ஜன்னல் நல்லாருக்கா?

என்ன? ஏன் அப்படிப் பாக்கற?

எவ்வளவு ஒசரத்துல?

உன் தலைக்கு மேலயா? நீயே என்னைவிட ஒசரமாச்சே. ஏணி போட்டு ஏறினாத்தான் எட்டுமா. நெசமாவா. வானம் மட்டும்தான் தெரியுமா.

இல்ல, ஃப்ளாட் ஆக்கினப்ப தரையத் தாழ்த்தியிருப்பாங்க. கட்டடக்காரனுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா, தரை என் தொழிலு. இல்லியா? பழங்காலச் சின்னம்னு ஒரு செங்கலக்கூட நகத்த விடலியா. ஆமா, சட்டம். வாசல்ல பலகை வேற வச்சிருக்கானுங்க, ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்தி ஒண்ணுல கட்டினபடியே இருக்குன்னு. பெருமையா எழுதியிருக்கானுங்க. அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் கட்டினாங்களாமா? கெட்ட காத்து மேலாலேயே போகட்டும்னு, நோயாளி வெளிய பாத்து ஏங்கக் கூடாதுன்னு. ஓகோ.

வெளியிலேருந்து பாத்தா அது தெரியாதில்ல. ஜன்னல் ஜன்னலாத்தான் தெரியுது.

உள்ள போனதும் அவ நேரா ஜன்னலுக்குத்தான் போவா. வாத்துக்குஞ்சத் தேட மாட்டா, நாக்காலியத் தேட மாட்டா. ஜன்னலுக்குத்தான்.

நிறுத்திடவான்னா கேக்கற? கேட்டது நான்தான். நீ ஒத்துக்கறப்ப எனக்கு மனசு வரல. அந்த நீலக் கவுனு. அவ எதுக்குமே எங்கிட்ட ஆசைப்பட்டுக் கேட்டதில்ல, நானா சொல்றது போதும்னு இருந்துட்டா. ஆஸ்பத்திரிய மூடினப்ப சொன்னா, ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு வருவோமான்னு. கூரை இடிஞ்சு விழும்னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னால ஒரு தடவ இந்த ஆஸ்பத்திரி பூரா லினோ மாத்தற வேலையே எனக்கு வந்துச்சு, பெரிய வேலை. முதுகு வலின்னு சொல்லி வேற ஆளுக்கு விட்டேன். எத்தனை தடவதான் கூரைய இடிக்கிறது?

நிறுத்த வேண்டாம். வரட்டும்.

படத்தக் குடு, நனையுது. காகிதத்துக்குள்ள வச்சிடு. வீட்டுக்குப் போய் ஆணில மாட்டிடறேன், அவ கேக்கறதுக்குள்ள.

இப்பவே மேல வந்து பாக்கவா? உனக்குத் தொந்தரவில்லியே? வேலைலேருந்து களைச்சுப்போய் வந்திருக்கே. சரி. பாத்துட்டே போறேன். கையக் குடு, இந்த முட்டி என்னுது, எனிட்டுது இல்ல, அவ முட்டிக்கு ஒண்ணுமே இல்ல.

ரோட்ட ரெண்டு பக்கமும் பாத்துக் கடக்கணும், இங்க பஸ்ஸு சாவடிக்கிற மாதிரி வரும். போ. போலாம்.

என்ன, நான் முன்னால போகவா? எதுக்கு?

இல்ல கண்ணு, நீ முன்னால போ. எனக்கு வழி தெரியாது. நான் இந்த வாசல்படியத் தாண்டினதே இல்ல.

அப்ப அப்படித்தான். அப்பனுங்கள மேல விடறதில்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டுலேருந்து மூணு, கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கலாம்னு வாசல்காரன் சொன்னான். முதல் ஞாயிறு கோட்டுப் போட்டுக்கிட்டு ஒண்ணே முக்காலுக்கே வந்துட்டேன். வார்டுல ஏதோ தொத்துன்னு யாரையும் விடல. அடுத்த ஞாயிறு வாங்கன்னாங்க. அடுத்த ஞாயிறுக்கு அவ இல்ல. சனிக்கிழமை விடியக்காலைல போயிட்டாளாம். நான் அப்ப வீட்டுல குறட்டை விட்டுட்டிருந்தேன். சாயங்காலம் இங்க வந்து ஜன்னல்ல வெளக்கு எரியாததப் பாத்து, வாசல்காரனக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். அன்னிக்கு ஏழு இருவது பஸ்ஸுல போயிக்கிட்டிருக்கறப்ப யோசிச்சேன் எனிட்கிட்ட என்ன சொல்றதுன்னு. பத்து நாளா என் கையில இருந்த கொழந்தை, கடைசி நாளும் என் கையிலதானே இருக்கணும்?

இது கல் படியா? நல்ல கல்லு. வழுக்காது.

நாளைக்கு அவ உள்ள வந்து அந்த ஜன்னல அண்ணாந்து பாப்பா. அப்புறம் திரும்பி என் மொகத்தப் பாப்பா. அப்ப நீ டீ போடற சாக்குல உள்ள போயிடு கண்ணு. கொஞ்ச நேரம் வராத.